மலைக்குளிரில் கருவிகளைத் துருவுக்குக் கொடுக்கும் தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களிடம் உளியும் ரம்பமும் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கின்றன என்று கேட்டால், "குளிருங்க, என்ன பண்றது?" என்பார்கள். குளிர் மட்டும் இரும்பை ஒன்றும் செய்யாது. வறண்ட குளிரில் வருடக்கணக்கில் போட்டு வைத்தாலும் இரும்பு அப்படியே இருக்கும். துரு பிடிக்க அதன் மேல் ஈரம் படவேண்டும். நீலகிரியில் பட்டறைக்குள் வரும் ஈரத்தில் மழையின் பங்கு குறைவு. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இரும்பின் மேல் ஈரக்காற்று படும்போது அந்த இடத்திலேயே நீர் உண்டாகிவிடுகிறது. இது பிடிபட்டுவிட்டால், கருவிகளைக் காப்பாற்றுவதற்காக நாம் செய்கிற பல காரியங்களே அவற்றைக் கெடுக்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

கொஞ்சம் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. ஈரமான காற்று சில்லென்ற இரும்பைத் தொட்டதும் அந்த இடத்தில் குளிர்ந்துவிடும். தாங்க முடியாத மிச்ச ஈரத்தை இரும்பின் மேலேயே இறக்கிவிடும். இன்னொன்றும் உண்டு. கண்ணுக்கு நீர் தெரியவேண்டும் என்றில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலத்தில் துரு தன் வேலையைத் தொடங்கிவிடும்.

சரி, முதல் தவறு காலையில் நடக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். எட்டரை, ஒன்பதுக்கு வெயில் ஏறியதும், உள்ளே கொஞ்சம் காற்று வரட்டும் என்று பட்டறையின் கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் புல்லிலும் மண்ணிலும் இருக்கும் பனி உருகி ஆவியாகிக்கொண்டிருக்கும். வெளிக்காற்று சூடேறியிருக்கும், ஈரமும் கூடியிருக்கும். உள்ளே, வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸும் பட்டறைக்கல்லும் ராத்திரிக் குளிரை இன்னும் விட்டிருக்காது. திறந்து கால் மணி நேரம் கழித்து வைஸின் தாடையில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், ஈரத்தில் கோடு விழும். எடை கூடக்கூட இரும்பு சூடேற நேரம் எடுக்கும். அதனால் சுவரில் மாட்டிய ரம்பம் காய்ந்திருக்கும்போதே வார்ப்பிரும்பு மேசையோடு இருக்கும் ரம்ப மெஷின் வியர்த்துக்கொண்டிருக்கும். எல்லாக் கருவியும் நன்றாக இருக்க, விலை கூடிய மெஷினின் மேசை மட்டும் புள்ளி புள்ளியாகத் துரு கட்டுவது இதனால்தான்.

காலையில் நீங்கள் நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்து மூடிக்கொள்ளுங்கள். புல் காய்ந்து, உள்ளே இருக்கும் இரும்பைத் தொட்டால் சில்லென்று இல்லாத நேரத்தில், பதினொன்று பன்னிரண்டு மணிக்கு, நன்றாகத் திறந்து காற்றாட விடுங்கள். மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கும் அறிகுறி தெரிந்தால் உடனே சாத்திவிடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கி உளிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் ஊகத்துக்கு வேலை இல்லை.

அடுத்தது பாலிதீன் ஷீட். மெஷினின் மேல் ஷீட்டைப் போர்த்தி, காற்று புகாமல் இருக்கட்டும் என்று கீழே கயிறு போட்டு இறுக்கிக் கட்டுகிறார்கள். கட்டும்போது உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் எங்கே போகும்? தரையிலிருந்து ஏறும் ஈரம் வேறு அதோடு சேர்ந்துகொள்ளும். ராத்திரி ஷீட்டின் உட்பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்து, ஷீட் தொடும் இடமெல்லாம் இரும்பில் வழியும். பழைய பருத்திப் போர்வையோ கித்தான் துணியோ மேல். அதை மேலே மட்டும் போட்டு, அடியில் காற்று நடமாட இடம் விடவேண்டும். துணி ஈரமானால் அன்றே எடுத்துக் காயவைக்க வேண்டும், அதில் சோம்பல் கூடாது.

தகரக் கூரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேகமில்லாத ராத்திரியில் தகரம் வெளிக்காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரம் அதன் அடியில் போய்ப் படிந்து, காலையில் சூடு ஏறியதும் சொட்டத் தொடங்கும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே தார் பூசிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஓட்டை எதுவும் இல்லாத கூரையும் இப்படிச் சொட்டும். தகரத்துக்குக் கீழே மரப்பலகையோ தெர்மோகோலோ அடித்து மச்சு போல மறைத்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். அதுவரை சொட்டு விழும் வரிசைக்கு நேர் கீழே கருவி மாட்டாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில்தான் தவறு அதிகம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் எண்ணெய்; ஊட்டிக் குளிரில் கட்டியாகி, தடவிய இடத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். இடைவெளிகளில் இரும்பு வெறுமையாகவே இருக்கும். நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும்போது அதில் உண்டாகும் அமிலமும் இரும்புக்கு ஆகாது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் காலப்போக்கில் பிசின் போல ஒட்டிக்கொள்ளும், தூசியைப் பிடிக்கும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை சும்மா கிடைக்கிறது என்று பூசுவதும் கூடாது. எஞ்சினில் உண்டான அமிலமும் கரியும் அதில் கரைந்து கிடக்கின்றன. உங்கள் கைக்கும் நல்லதல்ல, இழைத்து வைத்த மரத்திலும் கறை ஏறும்.

டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்துவிட்டு மழைக்காலம் முழுக்கக் கவலையில்லை என்று இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1953-ல் சான் டியாகோவில் அதை உருவாக்கியதே ஈரத்தை விரட்டத்தான். அட்லஸ் ஏவுகணையின் தோலை அரிப்பிலிருந்து காக்கப் பயன்பட்டது. நனைந்த கருவியிலிருந்து நீரைத் தள்ளுவதற்கு அது அருமையான சரக்கு. ஆனால் அதில் பெரும்பங்கு ஆவியாகிப் போய்விடும். மிஞ்சும் படலம் மெல்லியது. நனைந்ததும் அதை அடியுங்கள், துடையுங்கள், அப்புறம் நிற்கக்கூடிய ஒன்றைத் தடவுங்கள். தினமும் எடுக்கும் உளிக்கும் இழைப்புளிக்கும் தையல் மெஷின் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு துடைப்பு போதும். மாதக்கணக்கில் சும்மா இருக்கப் போகும் கருவிக்கு வாசலினோ கிரீஸோ மெல்லிசாகப் பூசலாம். வார்ப்பிரும்பு மேசைக்கு மெழுகுதான் என் தேர்வு. பாரஃபின் மெழுகைத் தேய்த்து, துணியால் மெருகேற்றினால் மரமும் வழுக்கிக்கொண்டு போகும், கறையும் படியாது. எதைப் பூசுவதானாலும் இரும்பு காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் கிரீஸ் பூசினால் ஈரம் அடியில் சிறைப்பட்டுவிடும். வியர்வையில் உப்பு இருக்கிறது, அதனால் கடைசித் துடைப்புக்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். ரம்பத் தகட்டில் சில நாட்களில் விரல் ரேகை அப்படியே துருவாக எழுந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

பட்டறையைச் சூடாக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். கேஸ் ஹீட்டரைக் கொளுத்தினால் அறை கதகதப்பாகும், காய்ந்துவிடாது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ நீர் ஆவியாக வெளிவரும். அது மூலையில் குளிர்ந்து கிடக்கும் இரும்பைத்தான் தேடிப் போய்ப் படியும். கரி அடுப்பில் இவ்வளவு நீர் வராது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி உயிர் போன செய்திகள் மலைக்குப் புதிதல்ல. கருவிக்காக அந்த ஆபத்தை வாங்கவே வாங்காதீர்கள்.

முழுப் பட்டறையையும் சூடாக்கத் தேவையும் இல்லை. மலையில் அலமாரிக்குள் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிடும் வழக்கம் உண்டு, துணியும் கேமராவும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க. கருவி அலமாரிக்கும் அதுவே சரியான வழி. 10 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 17 டிகிரிக்கு ஏற்றினாலே ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கிவிடும். துணியும் மரத்தூளும் பல்பில் படாதபடி கம்பிக் கூண்டு போடுங்கள். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று அதை எல்இடியாக மாற்றினால் வெளிச்சம் வரும், சூடு வராது. மாற்றிய வருடமே உளிகளில் துரு தொடங்கிவிட்டது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடுவது இன்னொன்று. அது ஈரம் குடித்து நிறைந்த பிறகு வெறும் மணல்தான். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் சுமார் 120 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். நீலத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு என்பதால் சமையல் அவனில் வேண்டாம். மூடி இறுக்கமாக இல்லாத பெட்டியில் ஜெல் வீண். கால்சியம் குளோரைடு டப்பா ஈரத்தை நன்றாகவே இழுக்கும், ஆனால் இழுத்தது உப்புநீராக அடியில் தேங்கும். கருவிகளுக்கு மேல் தட்டில் அதை வைத்துக் கவிழ்ந்தால் சேதம் பெரிது.

பட்டறையில் கூடவே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். கேரட், உருளைக்கிழங்கு போடும் வீடுகளில் பொட்டாஷ் மூட்டையும் கவாத்துக் கத்தியும் ஒரே கொட்டகையில் இருக்கும். பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு. அதன் தூசி ஈரத்தோடு சேர்ந்து இரும்பில் படிந்தால் அரிப்பு வேகமாகும். அதைவிட மோசம் கழிவறை கழுவும் ஆசிட். மூடி சரியாக இல்லாத ஒரு பாட்டிலின் புகை மொத்த அறையின் இரும்பையும் பழுப்பாக்கிவிடும். இரண்டையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். சீகை (வாட்டில்) மரத்திலும் கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸிலும், இரும்போடு சேர்ந்தால் கருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. பச்சையாக அறுத்துவிட்டு ஈரத்தூளை ரம்பப் பல்லிலேயே விட்டால் காலையில் மைக்கறை போலக் கருத்திருக்கும், அன்றைக்கே துடைத்துவிடுங்கள். தோல் உறையும் செய்தித்தாளும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் நெடுநாள் சுற்றி வைக்க ஆகாது. துருத் தடுக்கும் விசிஐ பேப்பர் கிடைத்தால் அதில் சுற்றி மூடிய பெட்டியில் வைக்கலாம்.

மலையில் இருந்து கீழே வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு தனி ரகம். விடியற்காலை குளிரில் பெட்டியை வண்டியில் ஏற்றி, மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் திறந்து பரப்புவார்கள். சமவெளியின் ஈரக்காற்று பட்டதும் எல்லா இரும்பும் ஒரே நேரத்தில் வியர்க்கும். பெட்டியை மூடியபடியே ஒன்றிரண்டு மணி நேரம் வைத்திருந்து, வெளியே தொட்டால் சில் இல்லை என்ற பிறகு திறக்கவேண்டும். ட்ரில், கிரைண்டர் மாதிரி மின்கருவிகளை அதுவரை ஓட்டவும் கூடாது, மோட்டாருக்குள்ளும் நீர் கோத்திருக்கும். பேட்டரியையும் சில்லென்று இருக்கும்போது சார்ஜில் போடாதீர்கள்.

ஏற்கெனவே துரு ஏறிவிட்டதா? மேலாக இருந்தால் மண்ணெண்ணெய் தொட்டு நைசான வாட்டர் பேப்பரால் தேய்த்தாலே போகும். கரடுமுரடான உப்புத்தாளை இழைப்புளியின் அடித்தளத்தில் வைத்தால் துருவைவிடப் பெரிய கீறல் விழும். ஆழமாக இருந்தால் வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைக்கலாம், நாள்கணக்கில் விட்டால் நல்ல இரும்பையும் தின்னும். வினிகரிலிருந்து எடுத்ததும் பலர் தண்ணீரில் அலசிவிட்டுக் காற்றில் வைத்துவிடுகிறார்கள். கண் முன்னே மறுபடியும் ஆரஞ்சு நிறம் படரும். ஆப்ப சோடா கரைத்த நீரில் கழுவி அமிலத்தை முறித்து, துணியால் ஒற்றி, ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூடு வரும்வரை காயவைத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவிவிட வேண்டும்.