சங்கத்துக்குப் புலனாய்வாளர் வந்துபோனால் முறையிடுவது எப்படி

சனசமூக நிலையத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ வந்து உறுப்பினர் பட்டியலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்கும் புலனாய்வாளர்களை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்ற கேள்வி யாழ்ப்பாணத்தில் புதியதன்று. பிரித்தானியாவில் இத்தகைய முறைப்பாடுகளை விசாரிப்பதற்கென்றே ஒரு தீர்ப்பாயம் உண்டு. கனடாவில் 2019 முதல் சுயாதீன மீளாய்வு முகவரகம் ஒன்று இயங்குகிறது. இலங்கையில் புலனாய்வுக்கென அத்தகைய தனி அமைப்பு இல்லாததால், பொதுவான ஆணைக்குழுக்களையே நாம் நாட வேண்டியுள்ளது.

வந்தவர் போன அன்றே குறிப்பு எழுதிவிடுங்கள். பெயர், பதவி, பிரிவு, சீருடையா சிவில் உடையா, வாகன இலக்கம், கேட்ட கேள்விகள், கொடுத்த ஆவணங்கள் ஆகியவற்றைப் பதிந்து, உடனிருந்தவர்களிடம் கையொப்பம் பெறுங்கள். தொலைபேசியில் அழைத்திருந்தால் இலக்கத்தையும் நேரத்தையும் குறியுங்கள். விசாரணைக்கு வருமாறு வாய்மொழியாகச் சொன்னால், அழைப்பை எழுத்தில், தமிழில் தருமாறு கேளுங்கள்.

அடுத்தது காலக்கெடு. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் (Supreme Court) தாக்கல் செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து சட்டத்தரணியை ஒழுங்குசெய்து நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த மாதம் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆனால் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, விசாரணை அங்கே நிலுவையிலுள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கையளித்தால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியிருப்பதால், முறைப்பாட்டு இலக்கத்தோடு நின்றுவிடாமல் ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எவராவது கைதுசெய்யப்பட்டால், கைதுசெய்தவர் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது கட்டாயம். அதை நம்பியிருக்காமல் உறவினர்கள் உடனே அவ்வாணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பதே நல்லது. தேசிய பொலிஸ் ஆணைக்குழு பொலிஸ் உத்தியோகத்தர்களைப் பற்றி மட்டுமே விசாரிக்கும். இராணுவப் புலனாய்வு அதன் எல்லைக்குள் வராது.

இனி, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் சங்கத்தைப் பற்றிய கோப்பைக் கேட்டால் தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுப்பது எளிது. மாறாக, சங்க உறுப்பினர்களின் விவரங்களைத் திரட்டுவதற்கு அதிகாரமளிக்கும் சட்ட ஏற்பாடு எது, அதற்கான சுற்றறிக்கை எது என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. நீங்கள் கேட்ட அரச நிறுவனத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தர வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் பயனில்லையெனில் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். மறுக்கப்பட்ட ஆவணத்தையே வரவழைத்துப் பார்வையிடும் அதிகாரம் அவ்வாணைக்குழுவுக்கு உண்டு. பொதுநலன் மேலோங்கினால் வெளியிட வேண்டும் என்ற 5(4) பிரிவை மேன்முறையீட்டில் மறவாமல் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.