நாயை விட்டு ஊருக்குப் போகும்போது நாம் செய்யும் தவறுகள்

கல்யாணப் பத்திரிகை வந்தால் எங்கள் வீட்டில் எழும் முதல் கேள்வி, "மணியை யார் பார்த்துக்கொள்வது?" மணி ஐந்து வயது நாட்டு நாய். மூன்று வருடம் வரை இதற்கு எங்களிடம் ஒரே பதில்தான் இருந்தது: அம்மா போகமாட்டார். அப்புறம் திருநெல்வேலியில் எல்லோரும் போயே ஆகவேண்டிய கல்யாணம் ஒன்று வந்தது. ஒரு ராத்திரிகூட எங்களைப் பிரிந்திராதவனை நான்கு நாளுக்கு ஒரு போர்டிங்கில், அதாவது காசு வாங்கிக்கொண்டு நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், விட்டுப் போனோம். இரண்டு நாள் வெறும் தண்ணீர்தான் குடித்தான். போன் வந்ததும் தங்கை பந்தியிலிருந்து பாதியில் எழுந்துவிட்டாள். அந்த போர்டிங்கை ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தோம். யோசித்துப் பார்த்தால் தப்பில் பெரும்பங்கு எங்களுடையது.

முதல் பிரிவே நீண்ட பிரிவாக இருக்கக் கூடாது. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவது போன்றது அது. ஐந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். அப்புறம் இருபது நிமிடம், ஒரு மணி நேரம், அரை நாள். சாவிக்கொத்தை எடுக்கும் சத்தத்துக்கே பதறும் நாய் என்றால், சாவியை எடுத்துவிட்டு எங்கும் போகாமல் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். தினமும் சில தடவை இப்படிச் செய்தால் சாவிக்கு இருக்கும் பயங்கரம் குறையும். அதன்பின் எங்கே விடப்போகிறீர்களோ அங்கே ஒரு பகல், பிறகு ஒரு ராத்திரி. இதற்கெல்லாம் ஒரு மாதமாவது வேண்டும். டிக்கெட் போட்ட அன்றே தொடங்கிவிடுங்கள்.

2011-இல் ஸ்வீடனில் வந்த ஓர் ஆய்வில் நாய்களை வீட்டில் தனியாக அரை மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரம் விட்டுப் பார்த்தார்கள். அரை மணியைவிட இரண்டு மணி கழித்து எஜமானர் வந்தபோது வரவேற்பு பலமாக இருந்தது. ஆனால் இரண்டுக்கும் நான்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவிப்பது போல நாயும் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வது நம் கற்பனையாகக்கூட இருக்கலாம்.

கிளம்பும்போது கட்டிப்பிடித்து அழுவது இன்னொரு தவறு. "அம்மா சீக்கிரம் வந்துடுவேன் கண்ணா" என்பது நாய்க்குப் புரியாது. நீங்கள் வழக்கமாக இல்லை என்பது மட்டும் நன்றாகப் புரியும். இதற்குப் பயந்து, அது தூங்கும்போது பூனை மாதிரி நழுவுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். ஒருமுறை அப்படி ஏமாந்த நாய், அப்புறம் நீங்கள் பாத்ரூம் போனாலும் கதவருகே காவல் இருக்கும். ஒரே ஒரு சொல், ஒரு பிஸ்கட், கதவைச் சாத்திவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

திரும்பி வரும்போது செருப்பு கிழிந்து கிடந்தால் "பழிவாங்கிட்டான், முகத்தைப் பாரு, திருட்டு முழி" என்று திட்டுகிறோம். அமெரிக்காவில் 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். தப்பு செய்த நாயும் செய்யாத நாயும் ஒன்றுபோலத்தான் முழித்தன. எஜமானர் திட்டியபோதுதான் அந்த முழி கூடியது. செருப்பைக் கடித்தது சலிப்பால் இருக்கலாம், பயத்தால் இருக்கலாம். நாம் படும் குற்ற உணர்வை நாயின் முகத்திலும் தேடுகிறோம், அவ்வளவுதான்.

போர்டிங்கில் விடுவதென்றால் முந்தின நாள் போய் ஊசி போடுவதில் பெரிதாகப் பயன் இல்லை. தடுப்பூசி முழுதாக வேலை செய்யச் சுமார் இரண்டு வாரம் ஆகும். ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய தொற்றுநோய்களுக்கான ஊசிகளோடு, பல நாய்கள் சேரும் இடத்தில் சுலபமாகப் பரவும் கென்னல் இருமலுக்கான ஊசியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். உண்ணி மருந்தை மறக்கவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் உண்ணிக்கு வருடம் முழுக்கக் கொண்டாட்டம். உண்ணி கடித்த அன்றே உண்ணிக்காய்ச்சல் தெரியாது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் நாய் சோர்ந்து படுக்கும். அதற்குள் ஊருக்குப் போய் வந்ததே நமக்கு மறந்திருக்கும்.

இடத்தை நேரில் பாருங்கள். ராத்திரி ஆள் தங்குகிறாரா, நாய் படுக்கும் இடத்துக்கு மேலே தகரக் கூரையா, மதியம் அங்கே எவ்வளவு சூடு? உள்ளே காட்டமாட்டோம் என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் விடுவது எனக்குப் பிடித்த வழி. ஆனால் "கொஞ்சம் பார்த்துக்கோங்க அக்கா" என்று சாவியைக் கொடுத்தால் போதாது. எத்தனை கப் சாப்பாடு, எத்தனை மணிக்கு, எந்த டாக்டர், அவசரத்துக்குப் பணம் எங்கே இருக்கிறது என்று தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். வழக்கமான சாப்பாட்டையே கொடுத்துவிட்டுப் போங்கள். திடீரென்று மாற்றினால் வயிறு போகும். பாசத்தில் தரும் பாயசத்தில் உலர்திராட்சை இருக்கும். அது நாய்க்கு விஷம். சாக்லேட்டும் வெங்காயமும் அப்படித்தான். காய்ச்சல் மாதிரி தெரிந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட வேண்டாம் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தீபாவளியாக இருந்தால், வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் நாயைப் புது ஆள் பிடிப்பது கஷ்டம். முடிந்தால் அந்த வாரம் பயணமே வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போன் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். "எப்படி இருக்கான்?" என்றால் "நல்லா இருக்கான்" என்றுதான் பதில் வரும். சாப்பிட்டானா, மலம் கெட்டியாகப் போனானா, எவ்வளவு நேரம் நடந்தான் என்று கேளுங்கள். முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். ஒரு முழு நாள் தாண்டியும் தொடவில்லை என்றாலோ, வாந்தியோ சோர்வோ இருந்தாலோ டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

சில நாய்களுக்கு இதெல்லாம் போதாது. நீங்கள் போகும்போதெல்லாம் எச்சில் ஒழுக, நகம் உடையும்வரை கதவைப் பிறாண்டினால் அது பிடிவாதம் இல்லை, பிரிவுப் பதற்றம். "நாலு நாள் விட்டால் சரியாகிவிடும்" என்பவர்களின் பேச்சைக் கேட்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

இப்போது மணி மாதம் ஒரு ராத்திரி பக்கத்துத் தெரு அக்கா வீட்டில் தங்குகிறான், நாங்கள் எங்கும் போகாவிட்டாலும். போனமுறை கூட்டிவரப் போனபோது வாலை ஆட்டினான், ஆனால் சோபாவை விட்டு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் அவனுக்கு சோபாவில் ஏற அனுமதி கிடையாது.