மழையில் ட்ராக் டே: சின்ன வண்டிக்காரர்கள் டயரில் செய்கிற தவறுகள்

ட்ராக் டே என்றால் சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள். சேலத்தில் நமக்கென்று ட்ராக் கிடையாது. ஆசை வந்தால் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே, இல்லையென்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இரண்டு இடத்திலும் வானத்தை நம்ப முடியாது. ஆனால் என்னிடம் டயர் கேட்டு வருகிற பையன்கள் வெயிலை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மாருதி 800, ஜென், பழைய ஆல்ட்டோ எல்லாம் இறகு மாதிரி வண்டிகள். எங்கள் செட் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்துதான். இவர்கள் யூடியூப் பார்த்துவிட்டு அடிக்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

மொட்டை டயரோடு வராதே, வீல் நட்டை இறுக்கு என்பதெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் ட்ராக் பக்கமே போக வேண்டாம்.

ஏற்காட்டில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது

"அண்ணா, நேத்து மழைல ஏற்காடு ஏறிட்டு வந்தேனுங்க. சும்மா ஒட்டிக்கிட்டு போகுது. ட்ராக்குல பிடிக்காதா?"

பிடிக்காது தம்பி. அடிவாரத்தில் இருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. அங்கே நீ போகிற வேகம் இருபது, முப்பது. அந்த வேகத்தில் எந்த டயரும் தண்ணீரை ஒதுக்கிவிடும். டயர் தண்ணீர் மேல் மிதக்கிற கதை நேர் ரோட்டில், எண்பதைத் தாண்டிய பிறகு, பிரேக் மிதிக்கப் போகிற நேரத்தில் ஆரம்பிக்கும். மலைப்பாதையில் அந்தப் பரீட்சையே நடப்பதில்லை. தவிர, அது பஸ்ஸும் காட்டெருமையும் வருகிற பொதுச்சாலை. மழையோடு மண்ணும் சருகும் வேறு இறங்கிக் கிடக்கும். டயர் சோதிக்கிற இடமா அது?

அகலம் ஏறினால் பிடி ஏறும் என்று நம்புவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

போன மழைக்கு ஒரு தம்பி வந்தான். கையில் அருமையான ஜென். 800 கிலோவைக்கூடத் தொடாத வண்டி. கம்பெனி சைஸ் 145/70 R13 (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம்), பட்டன், அதாவது டயர் மேல் இருக்கிற பள்ளத்தின் ஆழம், ஏழு மில்லிமீட்டர் இருந்த நல்ல ரோடு டயர்கள். அதை நாலையும் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, அகல ரிம்மோடு 185/60 R13 செமி ஸ்லிக் (ரேஸுக்கான, பள்ளம் குறைந்த டயர்) போட்டுக்கொண்டு அலைன்மென்ட்டுக்கு என்னிடம் வந்தான். ரிம், டயர், கூலி எல்லாம் சேர்த்தால் அந்த வண்டியின் விலையில் பாதி ஆகியிருக்கும். "அகலமா போட்டா கிரிப் டபுள் ஆகும்னு கடையில சொன்னாங்கண்ணா" என்றான். சொன்னவர் மழையில் ஒரு ரவுண்டாவது போயிருப்பாரா என்று கேட்க நினைத்தேன். ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டு நிற்கிறவனிடம் கேட்டு என்ன பயன்?

கணக்கைப் பாருங்கள். டயர் தரையைத் தொடுகிற பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் மேல் இருக்கிற எடையும் உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தமும்தான். முன் சக்கரம் ஒன்றின் மேல் 250 கிலோ, காற்று 30 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 120 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொடும். அகலமான டயர் போட்டாலும் அதே 120 தான். வடிவம் மட்டும் மாறும். ஒடுங்கிய டயரில் 12 சென்டிமீட்டர் அகலம், 10 நீளம். அகல டயரில் 16 அகலம், 7.5 நீளம். காய்ந்த தரையில் இதனால் லாபம் உண்டு, மறுக்கவில்லை. தண்ணீர் தேங்கிய தரையில் இதுவே எதிரி.

ஏனென்றால் தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ளிய பிறகுதான் ரப்பர் தரையைத் தொட முடியும். மணிக்கு 90 கிலோமீட்டரில், இரண்டு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிற இடத்தில், 145 டயர் ஒவ்வொன்றும் வினாடிக்கு ஏழு லிட்டருக்கு மேல் தள்ள வேண்டும். 185 என்றால் ஒன்பதைத் தாண்டும். வேலை கூடுகிறது. ஆனால் அந்த வேலையைச் செய்ய நீளம் இல்லை. பத்து சென்டிமீட்டரைக் கடக்க நாலு மில்லிசெகண்ட் கிடைக்கும், ஏழரைக்கு மூன்றுதான். கனமான வண்டி என்றால் எடையாலேயே அமுக்கிக் கீழே இறக்கும். ஜென்னிடம் அந்த எடை எங்கே இருக்கிறது? முறத்தைத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது, கத்தியைப் போட்டால் இறங்குகிறது, அவ்வளவுதான் விஷயம்.

அதோடு செமி ஸ்லிக். அந்த ரப்பர் நன்றாகச் சூடேறினால்தான் ஒட்டும். கனம் குறைந்த வண்டி வெயிலிலேயே அதைச் சூடாக்கத் திணறும். மழை விழுந்தால் ஏறுகிற கொஞ்சநஞ்ச சூட்டையும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விடும். பட்டன் பள்ளமும் அதில் குறைவு. ரோடு டயர் புதுசில் எட்டு மில்லிமீட்டர் பக்கம் இருக்கும் என்றால் இது ஐந்து, ஆறு. சூடும் இல்லை, வடிகாலும் இல்லை.

நடந்தது இதுதான். ட்ராக்கில் நேர் ரோட்டின் முடிவில் பிரேக் மிதித்திருக்கிறான். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது. வண்டி திரும்பாமல் நேராகப் போய்ப் புல்லில் இறங்கியது. ஆளுக்கு ஒன்றுமில்லை, முன் பம்பர் போனது. இதில் என்னைக் கொதிக்க வைத்தது அடுத்த வாரம் நடந்தது. பிரேக் சரியில்லை என்று முடிவு கட்டி, விலை உயர்ந்த பிரேக் பேட் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான்! தம்பி, வீல் சுழலாமல் லாக் ஆகிறது என்றால் பிரேக் தன் வேலையைச் செய்துவிட்டது. தரையைத் தொடாத டயரை எந்த பேட் நிறுத்தும்? ஸ்டியரிங் கனம் குறைந்தது என்றால் டயர் மிதக்கிறது என்று அர்த்தம். முதலில் அதைப் படிக்கப் பழக வேண்டும்.

கம்பெனி சைஸ், அல்லது ஒரு படி மேலே. 145 வந்த வண்டிக்கு 155 வரை போகலாம். ஆழமான நேர்க்கோடுகள் ஓடுகிற நல்ல ரோடு டயர். அந்தப் பையன் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த நாலு டயர்தான் அன்றைக்கு அவனுக்குத் தேவைப்பட்ட டயர். செமி ஸ்லிக் வாங்கித்தான் தீருவேன் என்றால் வாங்குங்கள், பழைய செட்டை மட்டும் விற்காதீர்கள். பரணில் கிடக்கட்டும்.

மழை என்றால் காற்றைக் குறைப்பது

மணலில் ஓட்டுகிற ஜீப்புக்கான யோசனையை இங்கே கொண்டுவருகிறார்கள். நாசா 1960களில் விமான டயர்களை வைத்துக் கண்ட கணக்கு ஒன்று இருக்கிறது: பிஎஸ்ஐ அளவின் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 16.7ஆல் பெருக்கினால், பட்டன் மூழ்குகிற அளவு தண்ணீர் நிற்கும்போது டயர் மிதக்கத் தொடங்குகிற வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். 25க்கு 83, 30க்கு 91, 36க்கு 100. அகலமான கார் டயர் அதற்கும் முன்னாலேயே மிதக்கும். காற்று குறைந்தால் வேகம் எந்தப் பக்கம் போகிறது என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று. வெயில் நாளில் ஓட ஓட ஐந்து, ஆறு பிஎஸ்ஐ ஏறும் என்பதால் குறைவாக வைத்துக் கிளம்புவோம். மழையில் ஒன்று, இரண்டு ஏறினால் அதிகம். வெயிலுக்கு எழுதி வைத்த எண்ணை மழைக்கு வைத்தால் கடைசி வரை காற்று குறைவாகவே ஓடுவீர்கள். சேலத்தில் மதியம் 36 டிகிரியில் அடித்த காற்று, விடியற்காலை செட்டிப்பாளையத்தில் 23 டிகிரியில் தானாகவே இரண்டு பிஎஸ்ஐ இறங்கியிருக்கும். அங்கே போய் உங்கள் கேஜில் மறுபடி பாருங்கள்.

இழுப்பது முன்சக்கரம்தானே என்று நல்ல டயரை முன்னால் போடுவது

ஈரத்தில் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் மிதக்கும். பிரேக் மிதித்தால் ஏற்கெனவே லேசான பின்பக்கம் இன்னும் லேசாகும். வண்டி சுற்றி வந்து நீங்கள் வந்த திசையைப் பார்த்து நிற்கும். இரண்டுதான் நல்லது இருக்கிறது என்றால் அந்த இரண்டும் பின்னால்.

யாரோ ஓட்டிக் கழித்ததை மலிவாக வாங்குவது

பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம். பட்டன் புதுசு மாதிரி இருக்கலாம், ரப்பர் கல்லாகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்கவில்லையா, வைத்துவிட்டு வாருங்கள்.

அம்புக்குறியைப் பார்க்காமல் மாட்டுவது

சில டயர்களின் பக்கவாட்டில் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று அம்புக்குறி இருக்கும். திருப்பி மாட்டினால் தண்ணீர் சரியாக வெளியே போகாது. கடைக்காரரை நம்பாமல் குனிந்து பாருங்கள்.

புது டயரை அன்றைக்கே ட்ராக்கில் இறக்குவது

மேல் பளபளப்பு போக நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட வேண்டும். சேலத்தில் இருந்து கோவைக்கு ஓட்டிக்கொண்டு போனாலே அது ஆகிவிடும். லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் ஆகாது.

மழை விட்ட பிறகும் அதே மாதிரி ஓட்டுவது

கோவைப் பக்கம் அரை மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடிப்பதும் உண்டு. தரை காயக் காய, ஆழமான பட்டன் உள்ள டயர் நெளிந்து சூடேறும். ஓரங்கள் கிழிந்து துண்டு துண்டாகப் பெயர ஆரம்பிக்கும். நேர் ரோட்டில் ஓரமாக ஈரம் மிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்து ஓட்டுங்கள், டயர் ஆறும். ஈரமே இல்லையென்றால் நாலு ரவுண்டுக்கு ஒரு தடவை பிட்டுக்கு (ட்ராக் ஓரம் வண்டி நிறுத்துகிற இடம்) வந்து, ஏறியிருக்கிற காற்றை இறக்கிவிட்டுப் போங்கள். திரும்பி அதே டயரில்தான் சேலம் வர வேண்டும்.