கெஸ்ட் டீபக் ரெஜிஸ்டரைத் தொட்டால் ஹைப்பர்வைசர் செய்ய வேண்டிய மிச்ச வேலை

சொந்தமாக ஹைப்பர்வைசர் (கெஸ்ட் எனப்படும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) எழுதுபவர்கள் பெரும்பாலும் டீபக் ரெஜிஸ்டரை (பிரேக்பாயிண்ட் விவரங்களை வைத்திருக்கும் டிஆர்0 முதல் டிஆர்7 வரையான பிராசசர் ரெஜிஸ்டர்கள்) கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். ட்ராப் பிட்டைப் போடு (கெஸ்ட் அவற்றைத் தொட்டதும் எக்சிட் வரும், அதாவது கட்டுப்பாடு ஹைப்பர்வைசருக்கு வரும்), எக்சிட் வந்தால் மதிப்பை எழுது, ஓட வேண்டிய இன்ஸ்ட்ரக்ஷனைச் சுட்டும் ஆர்ஐபியை நகர்த்து, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் எக்சிட் எடுத்த அந்த இடத்தில் பிராசசர் வழக்கமாகத் தானே பார்த்துக்கொள்ளும் பல காரியங்களை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுகிறது, அவற்றை நீங்கள்தான் செய்தாக வேண்டும். இன்டெல் பிராசசரின் மெய்நிகராக்க வசதியான விஎம்எக்ஸை வைத்தே சொல்கிறேன், ஏஎம்டிக்குக் கடைசியில் வரலாம்.

ட்ராப்பை இயக்குவது எளிது. கெஸ்ட்டின் நிலையையும் கட்டுப்பாடுகளையும் வைத்திருக்கும் விஎம்சிஎஸ்-இன் முதன்மை பிராசசர் கன்ட்ரோலில் 23-வது பிட்தான் மூவ்-டிஆர் எக்சிட்டிங் (மூவ் டிஆர் என்பது டீபக் ரெஜிஸ்டரைப் படிக்கும், எழுதும் இன்ஸ்ட்ரக்ஷன்). எக்சிட் காரண எண் 29. எக்சிட்டின் கூடுதல் விவரம் தரும் எக்சிட் குவாலிஃபிகேஷனில் 0 முதல் 2 வரையான பிட்களில் எந்த டீபக் ரெஜிஸ்டர் என்பது இருக்கும், 4-வது பிட் 0 என்றால் கெஸ்ட் எழுதுகிறது, 1 என்றால் படிக்கிறது, 8 முதல் 11 வரை பொது ரெஜிஸ்டரின் எண். அந்த எண் 4 ஆக வந்தால் அது ஸ்டாக் சுட்டியான ஆர்எஸ்பி. அதன் மதிப்பு நீங்கள் சேமித்து வைத்த ரெஜிஸ்டர் அடுக்கில் இருக்காது, விஎம்சிஎஸ்-இல் போய் எடுக்க வேண்டும்.

மதிப்பைத் தொடுவதற்கு முன் மூன்று சோதனைகள் இருக்கின்றன, வரிசையும் முக்கியம். டிஆர்4, டிஆர்5 கேட்டிருந்து கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரான சிஆர்4-இல் டிஇ (டீபக் எக்ஸ்டென்ஷன்ஸ்) பிட் 1 ஆக இருந்தால் யுடி (செல்லாத இன்ஸ்ட்ரக்ஷன்) எக்செப்ஷன். டிஇ 0 என்றால் அவற்றை டிஆர்6, டிஆர்7 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து சிபிஎல் (இப்போது ஓடும் கோடின் அதிகார நிலை, 0 தான் உயர்ந்தது) 0 இல்லையென்றால் ஜிபி (பாதுகாப்பு மீறல்) எக்செப்ஷன். 'இதையெல்லாம் ஹார்ட்வேரே பார்த்திருக்குமே' என்று நினைக்கலாம். மற்ற பல இன்ஸ்ட்ரக்ஷன்களில் அது உண்மை, ஆனால் மூவ் டிஆர் ஒரு விதிவிலக்கு: இங்கே எக்சிட்டுக்குத்தான் முன்னுரிமை. சோதிக்காமல் விட்டால் கெஸ்ட்டுக்குள் ஓடும் சாதாரண யூசர் புரோகிராம்கூட டீபக் ரெஜிஸ்டரை மாற்றிவிடும். சிபிஎல்-ஐ எஸ்எஸ்-இன் (ஸ்டாக் செக்மென்ட்) அக்சஸ் ரைட்ஸில் உள்ள டிபிஎல்-லிருந்து (செக்மென்ட்டின் அதிகார நிலை) எடுங்கள், சிஎஸ் (கோட் செக்மென்ட்) வேண்டாம், கன்ஃபார்மிங் செக்மென்ட் (அழைப்பவரின் அதிகார நிலையிலேயே ஓடும் கோட்) வந்தால் தப்பாகிவிடும்.

மூன்றாவது சோதனை, டிஆர்7-இன் 13-வது பிட்டான ஜிடி (டீபக் ரெஜிஸ்டர்களுக்குக் காவல்). அது 1 என்றால் டீபக் ரெஜிஸ்டரைத் தொட்ட உடனேயே டிபி (டீபக்) எக்செப்ஷன் வர வேண்டும், இங்கும் எக்சிட் முந்திக்கொள்வதால் அதை நீங்களே உருவாக்க வேண்டும். எதனால் டிபி வந்தது என்று சொல்லும் கெஸ்ட்டின் டிஆர்6-இல் பிடி பிட்டை (டீபக் ரெஜிஸ்டரைத் தொட்டதன் அடையாளம்) போட்டு, டிஆர்7-இல் ஜிடியை அழித்து, அப்புறம் டிபியை இன்ஜெக்ட் செய்யுங்கள். விஎம் என்ட்ரி (கெஸ்ட்டுக்குத் திரும்பப் போவது) வழியாக டிபியை இன்ஜெக்ட் செய்யும்போது பிராசசர் டிஆர்6-ஐயும் ஜிடியையும் தொடவே தொடாது. ஜிடியை அழிக்க மறந்தால் கெஸ்ட்டின் ஹேண்ட்லர் டிஆர்6-ஐப் படிக்கப் போகும், அதுவே அடுத்த டிபியைக் கிளப்பும், அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். இது ஃபால்ட் வகை என்பதால் ஆர்ஐபியை நகர்த்தவும் கூடாது.

எழுதும் மதிப்பைப் பொறுத்தவரை, 64 பிட் மோடில் டிஆர்6, டிஆர்7-க்கு மேல் 32 பிட்களில் ஏதாவது இருந்தால் ஜிபி. டிஆர்7-இல் 10-வது பிட் எப்போதும் 1, 12, 14, 15 எப்போதும் 0. டிஆர்6-இல் 4 முதல் 11 வரையும் 16 முதல் 31 வரையும் 1 ஆக இருக்க வேண்டும், 12-வது 0. ஆர்டிஎம் (மெமரி டிரான்சாக்ஷன்), பஸ் லாக் (பஸ் பூட்டப்படுவதைக் கண்டறிதல்) வசதிகளைக் கெஸ்ட்டுக்குக் காட்டினால் மட்டும் 16-வது, 11-வது பிட்களுக்கு விதி மாறும். டிஆர்7-ஐ வடிகட்டாமல் அப்படியே விஎம்சிஎஸ்-இல் போட்டால், மேல் 32 பிட்கள் காரணமாக என்ட்ரியே தோற்றுப்போகும்.

இன்ஸ்ட்ரக்ஷனைத் தாண்டும்போது ஆர்ஐபியோடு சேர்த்து எஸ்டிஐ, மூவ் எஸ்எஸ் தடைகளையும் (அந்த இன்ஸ்ட்ரக்ஷன்களுக்கு அடுத்த ஒன்று முடியும்வரை இன்டரப்ட்டைத் தள்ளிவைப்பவை) அழியுங்கள். கெஸ்ட் சிங்கிள் ஸ்டெப்பில் (ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கும் பிறகு ஒரு டிபி) இருந்தால், அதாவது டிஎஃப் 1 ஆக இருந்தால், அந்த டிபியையும் நீங்கள்தான் தர வேண்டும். தடையை அழிக்காமல் டிஎஃப் 1 ஆக உள்ள கெஸ்ட்டுக்குத் திரும்பப் போனால், பெண்டிங் டீபக் எக்செப்ஷன்ஸ் ஃபீல்டில் பிஎஸ் (சிங்கிள் ஸ்டெப்) பிட்டும் இருக்கிறதா என்று என்ட்ரி சோதனை பார்க்கும், இல்லையென்றால் உள்ளே விடாது.

சரி, ஒவ்வொரு முறையும் ட்ராப் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். கெஸ்ட்டுக்குள் ஒரு டீபக்கர் ஓடினால் டாஸ்க் மாறும்போதெல்லாம் இந்த ரெஜிஸ்டர்கள் வரிசையாக எழுதப்படும், ஒவ்வொன்றுக்கும் எக்சிட் என்றால் வீண் செலவு. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் செய்வது நல்ல வழி: முதல் எக்சிட்டிலேயே ட்ராப்பை அணைத்து, கெஸ்ட்டின் மதிப்புகளை நிஜ ரெஜிஸ்டர்களில் ஏற்றி, அதே இன்ஸ்ட்ரக்ஷனை மறுபடி ஓடவிடும். அடுத்த எக்சிட்டில் டிஆர்0 முதல் டிஆர்3, டிஆர்6 எல்லாவற்றையும் திரும்பப் படித்து வைத்துக்கொண்டு ட்ராப்பை மீண்டும் போட்டுவிடும். டிஆர்7 மட்டும் விஎம்சிஎஸ்-இல் இருக்கிறது, மற்றவற்றை ஹார்ட்வேர் மாற்றித் தராது. இன்னொன்று, ட்ராப் இருந்தாலும் கெஸ்ட்டின் டிஆர்7-இல் பிரேக்பாயிண்ட் ஏதாவது இயக்கத்தில் இருந்தால், முகவரிகளை நிஜமாக ஏற்றித்தான் ஆக வேண்டும்.

எக்சிட்டில் டிஆர்7 ஹெக்ஸில் 400 ஆகிவிடுவதால் கெஸ்ட்டின் பிரேக்பாயிண்ட் ஹோஸ்ட்டில் வெடிக்காது. ஆனால் ஹோஸ்ட்டே பிரேக்பாயிண்ட் வைத்திருந்தால் டிஆர்0 முதல் 3 வரை முதலில் மீட்டுவிட்டு, கடைசியில்தான் டிஆர்7. உள்ளே போகும்போது நேர்மாறாக, முதலில் டிஆர்7-ஐ அணைத்துவிட்டு மற்றதை ஏற்றுங்கள்.

டிபி எக்செப்ஷனையும் எக்செப்ஷன் பிட்மேப்பில் (எந்த எக்செப்ஷனுக்கு எக்சிட் வர வேண்டும் என்று சொல்லும் ஃபீல்ட்) கட்டாயம் பிடியுங்கள். சிவிஇ-2015-8104 என்ற பாதுகாப்புக் குறைபாடு இதைப் பிடிக்காததால் வந்ததுதான்: டிபியை டெலிவர் செய்யும்போது தொடப்படும் நினைவகத்திலேயே கெஸ்ட் டேட்டா பிரேக்பாயிண்ட் வைத்தால், பிராசசர் டிபி மேல் டிபியாகப் போட்டுக்கொண்டு வெளியே வரவே வராது, ஹோஸ்ட் கோர் போச்சு. பிடித்த பிறகு, காரணம் டிஆர்6-இல் இருக்காது, குவாலிஃபிகேஷனில்தான். டிஆர்6-இன் 0 முதல் 3 வரையான பழைய பிட்களை அழித்துப் புதியதைச் சேருங்கள். பிடி, பிஎஸ் பழையதாக இருந்தால் அப்படியே விடுங்கள், அவற்றை அழிப்பது கெஸ்ட்டின் வேலை. ஆர்டிஎம், பஸ் லாக் பிட்களுக்கு மட்டும் குவாலிஃபிகேஷனில் ஒரு அர்த்தம், டிஆர்6-இல் அதற்குத் தலைகீழ் அர்த்தம், கவனம். ட்ராப் அணைந்திருந்தபோது ஜிடியால் வந்த டிபியும் இதே வழியில்தான் வரும், அங்கேயும் ஜிடியை நீங்களே அழிக்க வேண்டும்.

ஹோஸ்ட்டிலிருந்து ஜிடிபி டீபக்கர் போட்டுக் கெஸ்ட்டை ஆராய்ந்தால், கெஸ்ட் எழுதிய மதிப்பு ஒன்று, ஹார்ட்வேரில் உள்ளது வேறு என்று இரண்டு தொகுதி வைத்துக்கொண்டு ட்ராப்பை அணைக்காமல் விடுங்கள். கெஸ்ட் படித்தால் தான் எழுதியதே தெரிய வேண்டும்.

ஏஎம்டியில் ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் படிக்க, எழுதத் தனித்தனி இன்டர்செப்ட் பிட். டிஆர்6, டிஆர்7 இரண்டும் விஎம்சிபியில் (விஎம்சிஎஸ்-க்கு இணையான ஏஎம்டி அமைப்பு) இருக்கும், டிபி எக்சிட்டின் காரணமும் அந்த டிஆர்6-லேயே கிடைக்கும். ரெஜிஸ்டர் எண் எக்சிட் கோடிலேயே வந்துவிடும், டிகோட் அசிஸ்ட் (இன்ஸ்ட்ரக்ஷனைப் பிரித்துத் தரும் வசதி) இருந்தால் பொது ரெஜிஸ்டரும்.

சோதிக்க கேவிஎம் யூனிட் டெஸ்ட்களில் உள்ள டீபக் சோதனையை ஓட்டலாம். அதோடு ரிங் 3-லிருந்து (யூசர் நிலை) மூவ் டிஆர், டிஇ போட்டு டிஆர்4, ஜிடி போட்டு டிஆர்7, டிஎஃப் போட்டு டிஆர்0 எழுதுவது என்று நான்கு சின்னக் கெஸ்ட்களை நீங்களே எழுதி, ஒவ்வொன்றிலும் ஆர்ஐபியும் டிஆர்6-உம் நிஜ மெஷினில் வருவதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.