கம்ப்யூட்டர்ல வேண்டாத சாஃப்ட்வேர் ஏறாம இருக்கணுமா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

வீட்ல ஒரே கம்ப்யூட்டர நாலு பேர் யூஸ் பண்ணுவோம், திடீர்னு ஒரு நாள் பிரவுசர தொறந்தா பேரே கேள்விப்படாத ஒரு சர்ச் பேஜ் வந்து நிக்கும், மூலைல "உங்க பிசில 1,427 பிரச்சனை இருக்கு"ன்னு ஒரு செவப்பு பெட்டி துடிச்சிட்டு இருக்கும். யார்றா இத போட்டதுன்னு கேட்டா நாலு பேரும் "நான் எதையும் தொடல, அதுவா வந்துச்சு"ன்னு சொல்லுவாங்க. பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. யாரோ ஒருத்தர் ஒரு பிடிஎஃப் கன்வெர்ட்டர் போட்டிருப்பாங்க, அது போகும்போது கூடவே மூணு பேர கூட்டிட்டு போயிருக்கும். உள்ள வர்றதுக்கு முன்னாடி பர்மிஷன் கூட கேட்டிருக்கும், நாமதான் படிக்காம தட்டியிருப்போம். நான் இதுவரைக்கும் கிளீன் பண்ணிக் குடுத்த கம்ப்யூட்டர்கள்ல முக்கால்வாசி கதை இதுதான், அதுல ரெண்டு தடவ அந்த கம்ப்யூட்டரே என்னோடது.

மொத தப்பு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் எல்லாரும் பண்ணுவோம்: நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். அந்த இன்ஸ்டாலர் ஸ்கிரீன ஒரு தடவ நின்னு பாருங்க. மேல "எக்ஸ்பிரஸ்"னு கொட்டை எழுத்துல இருக்கும், பக்கத்துல பிராக்கெட் போட்டு "ரெக்கமண்டட்" வேற. கீழ "கஸ்டம்"னு ஒண்ணு சாம்பல் கலர்ல, தொட முடியாத பட்டன் மாதிரி மங்கலா கெடக்கும், ஆனா தொட்டா வேல செய்யும். அதுக்குள்ள போனாதான் பிரவுசர் மேல ஒட்டிக்குற டூல்பார் ஒண்ணு, "சேஃப் சர்ச்" ஒண்ணு, ஏதோ ஒரு டிரையல் ஆன்டிவைரஸ் ஒண்ணுன்னு ஏற்கனவே டிக் அடிச்சு வெச்சிருக்குறது தெரியும். எப்பவுமே கஸ்டம்தான், அதுல மாத்துறதுக்கு ஒண்ணுமே இல்லன்னாலும் அரை நிமிஷம்தான் போகும்.

இதுலயே இன்னொரு வெவரமான வேல உண்டு, நான் ஏமாந்தது இதுலதான். நடுவுல ஒரு ஸ்கிரீன் லைசன்ஸ் அக்ரிமென்ட் மாதிரியே வரும், அதே நீள எழுத்து, கீழ "அக்செப்ட்", "டிக்ளைன்"னு ரெண்டு பட்டன். டிக்ளைன் குடுத்தா மொத்த இன்ஸ்டாலும் நின்னுடும்னு நெனச்சு அக்செப்ட் அடிச்சேன். அது நான் எறக்கின வீடியோ கன்வெர்ட்டரோட லைசன்ஸே இல்ல, கூட வந்த வேற ஒரு பிரவுசரோட லைசன்ஸ். டிக்ளைன் குடுத்திருந்தா கன்வெர்ட்டர் பாட்டுக்கு ஏறியிருக்கும், அந்த பிரவுசர் மட்டும் வந்திருக்காது. அதனால அக்ரிமென்ட் வந்தா முழுசா படிக்கலன்னாலும் அதுல யார் பேரு இருக்குன்னு மட்டுமாவது பாருங்க.

பெரிய கம்பெனி சாஃப்ட்வேர்தானே, இதெல்லாம் இருக்காதுன்னு நம்புறதும் தப்புதான். ஆரக்கிளோட ஜாவா இன்ஸ்டாலர் ரொம்ப வருஷம் ஆஸ்க் டூல்பார கூடவே கூட்டிட்டு வந்துச்சு, டிக் எடுக்க மறந்தா ஏறிடும். ஜாவா ஏறி முடிஞ்சு சுமார் பத்து நிமிஷம் கழிச்சுதான் அந்த டூல்பார் ஏறுச்சுன்னு 2013ல வெளிய வந்துச்சு. உடனே லிஸ்ட்ட பாத்து தூக்கலாம்னு போனா அங்க ஒண்ணும் இருக்காது, டீ குடிச்சிட்டு வந்து பாத்தா இருக்கும். "அதுவா வந்துச்சு"ன்னு சொல்றவங்கள நான் முழுசா திட்டாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது எங்க இருந்து எறக்குறோம்ங்கறது. சாஃப்ட்வேர் பேர சர்ச்ல போட்டு மொதல்ல வர்றத கிளிக் பண்றோம் பாருங்க, அந்த மொத ரிசல்ட் பல நேரம் விளம்பரம், "ஸ்பான்சர்ட்"னு பொடி எழுத்துல போட்டிருக்கும். விஎல்சி, 7-ஜிப், ஓபிஎஸ், நோட்பேட் பிளஸ் பிளஸ் மாதிரி இலவசமா கெடைக்குற நல்ல சாஃப்ட்வேர் பேர்லயே போலி சைட்டு செஞ்சு, காசு குடுத்து விளம்பரமா மேல ஏத்தி, அதுல தகவல் திருடுற சாஃப்ட்வேர வெச்சு குடுத்தது நெறைய நடந்திருக்கு. லோகோ, கலர், பேஜ் எல்லாம் அச்சு அசலா இருக்கும், அட்ரஸ்ல மட்டும் ஒரு எழுத்து கூடவோ கொறையவோ இருக்கும். விளம்பரத்த தாண்டி கீழ வாங்க, அட்ரஸ எழுத்து எழுத்தா படிங்க.

அப்புறம் "எல்லா சாஃப்ட்வேரும் ஒரே எடத்துல கெடைக்கும்"னு இருக்குற டவுன்லோடு சைட்டுகள். 2011ல டவுன்லோட் டாட் காம், நெட்வொர்க்க ஸ்கேன் பண்ற என்மேப்ங்கற இலவச சாஃப்ட்வேர தன்னோட சொந்த இன்ஸ்டாலருக்குள்ள சுத்தி, கூட டூல்பார் வெச்சு குடுத்துச்சு, என்மேப் எழுதினவரே பகிரங்கமா கண்டிச்சார். 2015ல சோர்ஸ்ஃபோர்ஜ்ங்கற சைட்டு, படம் எடிட் பண்ற ஜிம்ப்போட விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு அதையே பண்ணுச்சு, அடுத்த வருஷம் ஓனர் மாறினதும் அந்த பழக்கத்த நிறுத்திட்டாங்க. சாஃப்ட்வேர் நல்லதுதான், அத சுத்தியிருக்குற கவர்தான் கெட்டது. செஞ்சவங்களோட சொந்த சைட்டுல எறக்குங்க, இல்லன்னா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர். கருப்பு ஸ்கிரீன்ல டைப் பண்ண பயம் இல்லாதவங்களுக்கு விண்டோஸ்லயே சாஃப்ட்வேர் எறக்கிப் போடுறதுக்கு விங்கெட்னு ஒரு கமாண்ட் இருக்கு, பச்சைக் கலர்ல நாலு டவுன்லோட் பட்டன் இருக்குற பேஜுல எது நெஜம்னு தேடுற வேலையே மிச்சம்.

இப்ப சொல்லப் போறத மட்டுமாவது வீட்ல இருக்குற எல்லாருக்கும் காட்டிருங்க, ஏன்னா இதுல படிச்சவங்களும் விழறாங்க. ஒரு சைட்டுக்குள்ள போனா "நீங்க ரோபோ இல்லன்னு உறுதி பண்ணுங்க"ன்னு கேட்கும், வழக்கமா வர்ற கேப்ட்சாதானேன்னு டிக் பண்ணுவோம். ஒடனே ஒரு பெட்டி வரும்: விண்டோஸ் கீயோட ஆர் அமுக்குங்க, அடுத்து கன்ட்ரோல் வி, அடுத்து எண்டர். நாம டிக் அடிச்ச அந்த நொடியே அந்த பேஜ் நமக்கு தெரியாம ஒரு கமாண்ட காப்பி பண்ணி வெச்சிருச்சு, நாம செய்யுறது அத நம்ம கையாலயே ரன் பாக்ஸ்ல (விண்டோஸ் கீயும் ஆரும் அமுக்கினா தொறக்குற, கமாண்ட ஓட்டுற பெட்டி) ஒட்டி ஓட விடுறது. அந்த பாக்ஸ் சின்னது, அதனால நீளமான கமாண்டோட கடைசி துண்டு மட்டும்தான் கண்ணுக்கு தெரியும், அங்க "நான் ரோபோ இல்ல"ன்னு எழுதி வெச்சிருப்பாங்க, பாக்க நல்ல புள்ள மாதிரி இருக்கும். பெரும்பாலும் உள்ள வர்றது பிரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டையும் லாகினையும் அள்ளிட்டு போற சாமான். மேக்ல டெர்மினல தொறந்து ஒட்ட சொல்லுவாங்க, அவ்ளோதான் வித்தியாசம். எந்த நெஜ கேப்ட்சாவும் கீபோர்டுல ரன் பாக்ஸ தொறக்க சொல்லாது.

ஃபைல் பேரோட வாலை மறைச்சு வெக்கறது இன்னொரு தப்பு, இது நாம பண்ணினது இல்ல, விண்டோஸ் வரும்போதே அப்படித்தான் வருது. "பில் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸி"ன்னு ஒரு ஃபைல் வந்தா (எக்ஸின்னா அது டாக்குமெண்ட் இல்ல, ஓடுற புரோகிராம்) கடைசி வால மறைச்சிட்டு "பில் டாட் பிடிஎஃப்"னு மட்டும் காட்டும், ஐகானும் பிடிஎஃப் ஐகான் மாதிரியே செஞ்சிருப்பாங்க. விண்டோஸ் 11ல ஃபைல் எக்ஸ்ப்ளோரர தொறந்து வியூ, அதுக்குள்ள ஷோ, அதுல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்னு இருக்குறத டிக் பண்ணி வெச்சிருங்க.

அடுத்த தப்பு, எதையும் ஏத்தவும் மாத்தவும் உரிமை இருக்குற அட்மின் அக்கவுண்ட்லயே வாழ்றது. கம்ப்யூட்டர் வாங்கின அன்னிக்கு போட்ட மொத அக்கவுண்ட் அட்மினாத்தான் இருக்கும், அதுலயே குழந்தை கேம் ஆடும், அதுலயே பேங்க் வேலையும் பாப்போம். ஸ்கிரீன் இருட்டாகி "இந்த ஆப் மாற்றம் செய்ய விடலாமா"ன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, 2007ல விண்டோஸ் விஸ்டாவோட வந்தது அது, அப்ப எல்லாரையும் எரிச்சல் படுத்தி எரிச்சல் படுத்தியே யெஸ் அடிக்க பழக்கி விட்டுருச்சு. அந்த பெட்டில பப்ளிஷர் பேரு இருக்கும். தெரிஞ்ச பேரு, நீல பட்டைன்னா ஒரு மாதிரி சரி. மஞ்சள் பட்டைல "அன்நோன்"னு வந்தா நில்லுங்க. அதுலயும் நீங்க எதையுமே தொறக்காதப்ப அந்த பெட்டி தானா வந்தா நோ தவிர வேற பதிலே கெடையாது.

இதுக்கு நல்ல வழி, செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் போயி புதுசா ஒரு அட்மின் அக்கவுண்ட் போட்டு பாஸ்வேர்ட் வெச்சுக்குங்க, அப்புறம் தெனமும் யூஸ் பண்ற அக்கவுண்ட்ட ஸ்டாண்டர்டா மாத்திருங்க. இனிமே எதாவது ஏறணும்னா அந்த பாஸ்வேர்ட் கேட்கும், கை தானா யெஸ் அடிக்குற பழக்கம் அங்க உடையும். எல்லாத்தையும் இது தடுக்காது, ஏன்னா சில சாஃப்ட்வேர் அட்மின் கேக்காம உங்க யூசர் ஃபோல்டருக்குள்ளயே உக்காந்துக்கும், பிரவுசர் எக்ஸ்டென்ஷனும் அப்படித்தான். ஆனாலும் அரை மணி நேர வேலைக்கு கெடைக்குற பாதுகாப்புல இத விட பெருசு ஒண்ண நான் பாக்கல.

காசு குடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேர இலவசமா ஓட வெக்குற கிராக் பத்தி நெறைய பேச ஒண்ணும் இல்ல. "இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணுங்க"ன்னு கூட வர்ற டெக்ஸ்ட் ஃபைல்லயே எழுதியிருக்கு, திருட வர்றவன் நாய கட்டிப் போடுங்கன்னு சொல்ற மாதிரி, அதுக்கு மேல என்ன சொல்ல.

சைட்டுக்குள்ள போனதும் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா"ன்னு கேட்டா அலோ குடுத்துருவோம், அப்புறம் ராத்திரி பகலா "வைரஸ் புடிச்சிருக்கு, இங்க கிளிக் பண்ணுங்க"ன்னு கீழ வலது மூலைல வந்துட்டே இருக்கும். ஆன்டிவைரஸ் ஸ்கேன் போட்டா ஒண்ணும் சிக்காது, ஏன்னா உள்ள எதுவும் ஏறல, ஒரு சைட்டுக்கு நாம குடுத்த அனுமதி அது. பிரவுசர் செட்டிங்ஸ்ல சைட் செட்டிங்ஸ், அதுல நோட்டிஃபிகேஷன்ஸ் போயி தெரியாத பேர தூக்கினா நின்னுடும். பயந்து அந்த மெசேஜ கிளிக் பண்ணி அவங்க குடுக்குற "கிளீனர" எறக்கினாதான் நெஜமாவே ஏறும்.

விண்டோஸ் கூடவே வர்ற டிஃபெண்டர் ஆன்டிவைரஸ்ல வேண்டாத ஆப்ப தடுக்குறதுக்குன்னே ஒரு ஸ்விட்ச் இருக்கு, இது பல பேருக்கு தெரியாது. விண்டோஸ் செக்யூரிட்டி, ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், ரெப்யுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன், அதுக்குள்ள "பொடென்ஷியலி அன்வாண்டட் ஆப் பிளாக்கிங்". ரெண்டு டிக்கும் போட்டு வெய்யுங்க. டூல்பார், விளம்பரம் காட்டுற ஆப் இதெல்லாம் கறாரா பாத்தா வைரஸ் இல்ல, நீங்க ஓகே குடுத்து வந்தது, அதனால அந்த ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தா டிஃபெண்டர் கண்டும் காணாம விட்டுரும்.

நம்ம ஓகே இல்லாம ஓட்டை வழியா வர்றதுக்கு மருந்து அப்டேட்தான், விண்டோஸையும் பிரவுசரையும் தள்ளிப் போடாதீங்க. ஆனா வெப் பேஜ் சொல்ற அப்டேட்ட எப்பவும் போடாதீங்க. ஃபிளாஷ் பிளேயர 2020 டிசம்பர் 31ஓட அடோபி மூடிருச்சு, இனிமே "ஃபிளாஷ் அப்டேட் பண்ணுங்க"ன்னு எங்க வந்தாலும் பொய்தான்.

ஏற்கனவே ஏறிடுச்சுன்னா, அந்த பேர சர்ச்ல போட்டு "ரிமூவ் டூல்"னு தேடாதீங்க, அதே மாதிரி குப்பைய விக்கிறவங்கதான் அங்கயும் கடை போட்டு உக்காந்திருப்பாங்க. செட்டிங்ஸ்ல ஆப்ஸ் லிஸ்ட்ட தேதி வாரியா அடுக்குங்க, தொல்லை ஆரம்பிச்ச அன்னிக்கு ஏறினது எல்லாம் வரிசையா மேல நிக்கும், தெரியாதத ஒவ்வொண்ணா அன்இன்ஸ்டால் பண்ணுங்க. அங்கயும் கவனமா படிக்கணும், "போகாதீங்க, 50% தள்ளுபடி"ன்னு கேட்டு பெரிய பட்டன்ல "வெச்சுக்கறேன்"னு போட்டிருப்பாங்க. அடுத்து பிரவுசர் எக்ஸ்டென்ஷன், அடுத்து டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப். வீட்டு கம்ப்யூட்டர்ல குரோம் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது"ன்னு சொல்லுச்சுன்னா உள்ள ஏதோ ஒண்ணு பிரவுசர கட்டுப்படுத்துற பாலிசி போட்டு உக்காந்திருக்க வாய்ப்பு இருக்கு (சில ஆன்டிவைரஸும் இத பண்ணும், அத மொதல்ல பாருங்க). அந்த ரன் பாக்ஸ்ல ஒட்டுற கேப்ட்சால மாட்டியிருந்தா மட்டும் இந்த வேலையெல்லாம் அப்புறம். மொதல்ல வேற ஒரு சுத்தமான போன்ல இருந்து மெயில் பாஸ்வேர்டையும் பேங்க் பாஸ்வேர்டையும் மாத்தி, எல்லா டிவைஸ்லயும் லாக் அவுட் குடுத்துட்டு, அப்புறமா கம்ப்யூட்டர் பக்கம் வாங்க.