காவடிப் பதிவேட்டில் உறவுகளை அமைக்கும் முறை

மொரீஷியஸின் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோயிலுக்குத் தைப்பூசக் காவடிப் பதிவேட்டை ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) எழுதித் தந்தேன். உறவுகளை, அதாவது எந்த அட்டவணை எதோடு இணைகிறது என்பதை, முதலில் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு குடும்பத்தில் பக்தர் பலர். ஒரு பக்தருக்குக் குடும்பம் ஒன்று. ஆக, ஃபாரின் கீ (வேறொரு அட்டவணையின் பதிவைச் சுட்டும் புலம்) பக்தர் மாடலில்தான், அதாவது பக்தர் அட்டவணையின் வரையறையில்தான், இருக்க வேண்டும்.

ஆன்-டிலீட்டை, அதாவது சுட்டப்படும் பதிவை அழித்தால் என்ன ஆகும் என்ற விதியை, அவசரமாக எழுதாதீர்கள். ஜாங்கோ 2.0 முதல் அது கட்டாயம். நான் காஸ்கேட் (சார்ந்த பதிவுகளையும் சேர்த்து அழிக்கும்) என்று போட்டிருந்தேன். இருமுறை பதிவான ஒரு குடும்பத்தை அழித்ததும், அதோடு 6 பேரின் பதிவும் போயிற்று. 10 நாள் விரதம் இருப்பவர்கள்! வீடு தேடிப் போய் அந்தக் குடும்பத்துப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ப்ரொடெக்ட்தான், ஆள் இருக்கும்வரை குடும்பத்தை அழிக்க விடாது.

பக்தருக்கும் விழாவுக்கும் மெனி-டு-மெனி: ஒரு பக்தருக்குப் பல விழா, ஒரு விழாவுக்குப் பல பக்தர். அதை வெறுமனே விடாதீர்கள். காவடியா பால்குடமா என்பது பக்தரின் குணமல்ல, விழாவின் குணமுமல்ல. அந்த இணைப்புக்கே உரியது. 'நேர்த்தி' என்று தனி மாடல் எழுதி, த்ரூ (இடையில் நிற்கும் மாடலைக் குறிக்கும் அமைப்பு) வழியே இணையுங்கள். ஒரே பக்தர் ஒரே விழாவில் இருமுறை பதிவாகாதபடி, இரண்டு கீக்களுக்கும் சேர்த்து யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் வையுங்கள்.

ரிலேட்டட்-நேமுக்கு (குடும்பத்திலிருந்து அதன் பக்தர்களை எடுக்க உதவும் பெயர்) 'உறுப்பினர்கள்' போன்ற பன்மைப் பெயர் நல்லது.