ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் காரை எடுக்கும் முன்

போன ஜூலையில், ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே, ஓர்மிஸ்டன் கோர்ஜ் என்னும் பள்ளத்தாக்கின் பார்க்கிங்கில் இரண்டு பையன்கள், வாடகைக் காரின் பானெட்டில் மேப்பை விரித்து வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்குக்கு இப்படியே மேற்கே போய்விடலாமே, எதற்கு ஊர் திரும்பிச் சுற்ற வேண்டும் என்று பேச்சு. நானும் ஒரு காலத்தில் அதே கேள்வியைக் கேட்டவன்தான். அதற்கு நான் கொடுத்த விலை இன்னும் எரிகிறது.

தண்ணீர், தொப்பி, சன்ஸ்கிரீன் எல்லாம் உங்களுக்கே தெரியும். விடுங்கள். அங்கே போகிறவர்கள் செய்யும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மெரீனி லூப் என்னும் குறுக்குவழி

தார்ச்சாலையில் போவதென்றால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் திரும்பி, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் 200 கி.மீ. தெற்கே எர்ல்டண்டா, அங்கிருந்து மேற்கே லாசெட்டர் நெடுஞ்சாலை, பிறகு லுரிட்ஜா சாலையில் வடக்கே ஏற வேண்டும். ஊரிலிருந்தே சுமார் 470 கி.மீ. மெரீனி லூப் என்னும் அந்த மேற்கு வழியில் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். யாருக்குத்தான் ஆசை வராது?

நான் போனபோது அதில் பெரும்பகுதி செம்மண். ஆஸ்பெஸ்டாஸ் தகடு மாதிரி அலையலையாக வரி விழுந்திருக்கும். மெதுவாகப் போனால் பல் கிட்டித்து எலும்பு ஆடும். வேகமெடுத்தால் ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும். அங்கேதான் ஏமாந்தேன். சக்கரம் அலைகளின் முகட்டை மட்டும் தொட்டுத் தாவுவதால்தான் அந்தச் சுகம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பாதிதான் பேச்சைக் கேட்கும். போதாததற்கு, டயரில் தார்ச்சாலைக்கு அடித்த காற்று அப்படியே இருந்தது. கொஞ்சம் இறக்கியிருந்தால் ரப்பர் கல்லின் மேல் மடிந்து கொடுத்திருக்கும். விறைப்பாக இருந்ததால் கூர்க்கல் குத்திக் கிழித்தது.

முதல் டயருக்கு ஸ்டெப்னி இருந்தது. முக்கால் மணி நேரத்தில் இரண்டாவதும் போனது, அதுவும் பக்கவாட்டில் விரல் நுழையும் கிழிசல். பஞ்சர் ஒட்டும் கதையே இல்லை. போனில் சிக்னலும் இல்லை. நான்கு மணி நேரம் கழித்து வந்த ஒரு லாரிக்காரர்தான் காப்பாற்றினார்.

அசல் அடி பிறகு விழுந்தது. கவுன்டரில் நாளுக்கு இவ்வளவு என்று கூடுதல் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தேன். ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் ஒரு வரி: தார் போடாத சாலையில் எடுத்தால் காப்பீடு செல்லாது. இழுத்து வந்த செலவு, டயர், அடிப்பாகச் சேதம், எல்லாம் என் தலையில். எங்கே போகிறீர்கள் என்று கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். நீங்கள்தான் சாலையின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் எடுத்தாலும் இப்படிக் கேட்டே ஆக வேண்டும். டயருக்கும் கண்ணாடிக்கும் காப்பீடு உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

பொழுது சாய்ந்தபின் ஓட்டுவது

கங்காரு குதிக்கும். அதைவிட மோசம், வேலியில்லாத ரோட்டில் படுத்திருக்கும் கறுப்பு மாடு. இரவில் ஊருக்கு வெளியே ஓட்டினாலும் காப்பீடு போய்விடும் ஒப்பந்தங்கள் உண்டு.

ஸ்டாண்ட்லி கேஸம் என்னும் பாறைப் பிளவுக்கு மூன்று மணிக்குப் போவது

உச்சிவெயில் நேராக இறங்கும் கொஞ்ச நேரம்தான் அந்தப் பாறைச் சுவர்கள் தணலாகச் சிவக்கும். மூன்று மணிக்குப் போனால் நிழல். பதினொன்றரைக்கே உள்ளே இருங்கள்.

பாதி டேங்க்

காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லரி க்ரீக் நீர்க்குட்டையில் தலைகீழாகக் குதிப்பது

வெளியே வெயில் கொளுத்தினாலும் தண்ணீர் ஐஸ்.